வேலை பெங்களூரில், குடும்பம் மதுரையில்: எல்லோருமாக மாறலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, திருநெல்வேலி, கோவை, சேலம் பக்கம் இருந்துகொண்டு, பெங்களூரில் வேலை கிடைத்து, "குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரையிலிருந்து குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்தவன் என்பதால், சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஆஃபர் லெட்டர் வந்த அன்றே எனக்குப் போன் செய்வார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான், பதில் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றத்தால் வீட்டில் யாருக்கு இழப்பு அதிகமோ, அவரிடமிருந்து கணக்கைத் தொடங்குங்கள். பெரும்பாலும் அது வேலை கிடைத்தவராக இருக்காது.

சம்பளம் எவ்வளவு கூடினால் போகலாம்?

இத்தனை சதவீதம் என்று சொல்ல மாட்டேன். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மதுரையில் கையில் வருவது 60,000, பெங்களூரில் கையில் வரப்போவது 95,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 35,000 கூடுதல், கேட்கவே நன்றாக இருக்கிறது. மதுரையில் வாடகை 10,000. பெங்களூரில் இரண்டு படுக்கையறை வீடு 28,000, அதற்கு மேல் மெயின்டனன்ஸ் 3,500. வீட்டுக்கு மட்டும் 21,500 கூடுதலாகப் போய்விட்டது, மிச்சம் 13,500. மதுரையில் மனைவி ஒரு பள்ளியில் 18,000 சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால், அதுவும் நிற்கும். இப்போது பழைய நிலையைவிட 4,500 குறைவு. பள்ளிக் கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு, ஊரில் அம்மா பார்த்துக்கொண்ட குழந்தைக்கு இங்கே டே கேர், இதையெல்லாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

உங்கள் எண்கள் வேறாக இருக்கும். ஆனால் கணக்கு இந்த வரிசையில்தான் போக வேண்டும்: குடும்பத்தின் மொத்த வருமானம் அன்றும் இன்றும், குடும்பத்தின் மொத்தச் செலவு அன்றும் இன்றும்.

ஆஃபர் லெட்டரில் போட்டிருக்கும் சிடிசியை (கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகையை) 12-ஆல் வகுத்துப் பார்த்து மகிழ்ச்சி அடையாதீர்கள். கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை), ஆண்டு முடிவில் கிடைத்தால் கிடைக்கும் வேரியபிள் பே எல்லாம் அதற்குள்தான் இருக்கும். மாதம் கையில் எவ்வளவு வரும் என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். வரி இன்னொரு விஷயம். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில், சம்பளக்காரர்களுக்கு ஆண்டுக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி இல்லை. பழைய சம்பளம் அந்தக் கோட்டுக்குக் கீழேயும் புதிய சம்பளம் அதற்கு மேலேயும் இருந்தால், உயர்வில் ஒரு பங்கு வரிக்குப் போகும். புதிய முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கும் கிடையாது. "வாடகை கூடினால் வரி குறையுமே" என்ற பழைய ஆறுதல், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்?

வாடகை அட்வான்ஸ்தான் பெரிய அடி. ஒரு காலத்தில் பெங்களூரில் 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சாதாரணம். இப்போது பேசிக் குறைக்க முடிகிறது. ஆனாலும் 5, 6 மாத வாடகைக்குத் தயாராக இருங்கள். அதற்கு மேல் புரோக்கர் கமிஷன், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், பள்ளி அட்மிஷன், முதல் மாத மளிகை. நகை அடகு வைத்துத்தான் இதைச் சமாளிக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், கம்பெனியிடம் அட்வான்ஸுக்குக் கடன் கேளுங்கள், அல்லது நீங்கள் மட்டும் முதலில் போய்ச் சில மாதம் சேர்த்து வையுங்கள். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கம். 11 மாத ஒப்பந்தத்தில் அது எப்படி எழுதியிருக்கிறது என்று கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

பிள்ளைகள் எந்த வகுப்பில் இருக்கும்போது மாறலாம்?

மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கேள்விதான் பெரியது. வேலையில் சேரும் தேதியைத் தள்ளிக் கேட்கலாம், வீட்டை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளை படிக்கும் வகுப்பை நம்மால் நகர்த்த முடியாது.

எல்கேஜி முதல் நான்காம் வகுப்பு வரை இருந்தால் பெரிய சிக்கல் இல்லை. ஒன்றே ஒன்றைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 5 வயது முடிந்ததும் முதல் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம். கர்நாடகத்தில் 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. யுகேஜி முடித்த குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தால், இன்னொரு வருடம் யுகேஜியிலேயே உட்கார வைக்கச் சொல்லலாம். முதல் வகுப்பு வயதில் இருக்கும் குழந்தைக்குப் பிறந்த தேதியைச் சொல்லிப் பள்ளியில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்பு தொடங்கும் இடத்தை நான் ஒரு முக்கியமான வாசலாகப் பார்க்கிறேன். காரணம் பொறியியல் சேர்க்கை. கர்நாடகத்தின் சிஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு மூலம் உள்ளூர் மாணவராக அரசு ஒதுக்கீட்டு இடம் பெற, முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் பியுசி (நம் பன்னிரண்டாம் வகுப்பு) வரைக்குள் குறைந்தது 7 ஆண்டுகள் அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான தகுதி விதி. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். 6 முதல் 12 வரை சரியாக ஏழு வகுப்பு. எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு ஐந்து வருடம்தான் ஆகும்.

அப்படியானால் தமிழ்நாட்டு ஒதுக்கீடு போய்விடுமா? போகாது. ஆனால் தமிழ்நாட்டிலேயே தொடர்ந்து படித்த பிள்ளையிடம் கேட்காத நேட்டிவிட்டி சான்றிதழை, வெளிமாநிலத்தில் படித்த பிள்ளையிடம் கேட்பார்கள். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சாதிச் சான்றிதழும் அப்படித்தான். தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சான்றிதழ் கர்நாடக மாநில இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. தமிழ்நாட்டுச் சேர்க்கைக்கு அதுதான் வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் இந்தச் சான்றிதழ்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தாலுகா ஆபீஸுக்கு அலைவது பெரும்பாடு.

பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறதென்றால் இரண்டு முறை யோசியுங்கள். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இலும், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021-இலும் வந்தது. கல்லூரி சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் இந்த 6 முதல் 12 வரையான படிப்புதான் அடிப்படை. இடையில் ஒரு வருடம் வெளிமாநிலப் பள்ளிக்குப் போனாலும் இந்தத் தகுதி அறுந்துபோகும். நன்றாகப் படிக்கும் ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இதன் மதிப்பை மாதச் சம்பள உயர்வோடு ஒப்பிடவே முடியாது.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இருந்தால், என் பதில் நேரடியானது: பிள்ளையை நகர்த்தாதீர்கள். கர்நாடக மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்போடு பள்ளி முடிந்து, 11, 12 இரண்டும் பியு கல்லூரியில் நடக்கும். பாடப் புத்தகம், இரண்டாம் மொழி, நண்பர்கள், தேர்வு முறை எல்லாம் ஒரே நேரத்தில் மாறும். பத்தாவது பொதுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் மாறுவது மட்டும் ஓரளவு தாங்கக்கூடியது. சிபிஎஸ்இயிலிருந்து சிபிஎஸ்இக்கு மாறும் பிள்ளைக்குச் சிரமம் குறைவு என்பது உண்மைதான். அப்போதும் மொழிப் பாடம் மாறும் என்பதை மறக்க வேண்டாம்.

கன்னடம் கட்டாயமா? தமிழ் என்ன ஆகும்?

2015-ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டம், பள்ளிகளில் கன்னடத்தை முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. உங்கள் பிள்ளை சேரும் வகுப்பில் எந்தெந்த மொழிகள் என்பதைப் பள்ளியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கன்னடத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பேச்சு விளையாட்டுத் திடலிலேயே வந்துவிடும். எழுத்துதான் கொஞ்ச நாள் படுத்தும். நோட்டில் 'ನ' எழுதச் சொன்னால் தமிழ் 'ந'வை எழுதிவிட்டு அழிக்கும். மாலையில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பால்காரரிடமும் ஆட்டோக்காரரிடமும் நாலு வார்த்தை கன்னடத்தில் பேசுகிறவருக்கு இந்த ஊர் வேறு முகம் காட்டும்.

எனக்குக் கவலை தமிழைப் பற்றித்தான். வீட்டில் பேசுவதால் பேச்சு தங்கிவிடும், எழுத்து போய்விடும். நாலைந்து வருடம் கழித்து ஊர் திரும்பினால், தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் பாடமாக உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளை எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து விழிப்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைப் பாடங்கள் இருக்கின்றன, அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் ஒதுக்குங்கள்.

மனைவிக்கு ஊரில் வேலை இருக்கிறது. "பெங்களூரில் கிடைக்காத வேலையா?" என்று எல்லோரும் சொல்கிறார்களே?

சொல்பவர்கள் யாரும் அந்த வேலையைத் தேடித் தரப்போவதில்லை. எந்த வேலை என்று பார்த்துப் பேச வேண்டும். தமிழ்நாடு அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால், மாநிலம் விட்டு மாநிலம் மாறுதல் கிடையாது. போட்டித் தேர்வு எழுதி, காத்திருந்து வாங்கிய அரசு வேலையை விடச் சொல்லும் முன் ஆயிரம் முறை யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் விட வேண்டாம். வங்கி, ரயில்வே, மத்திய அரசு வேலை என்றால், கணவன் மனைவி ஒரே ஊரில் இருக்கப் பணிமாறுதல் கேட்க வழி இருக்கிறது. கேட்டதும் கிடைத்துவிடாது, விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டு மற்றதைப் பேசுங்கள். நர்ஸ் என்றால், கர்நாடக நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும், அதற்குச் சில மாதம் ஆகலாம். ஊரில் தையல், டியூஷன், டிஃபன் என்று சொந்தமாகத் தொழில் நடத்துபவருக்கு நிலைமை இன்னும் கடினம். பத்து வருடம் பழகிச் சேர்த்த வாடிக்கையாளர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வர முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரிதான்" என்று மனைவி சொன்னால், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான வீடுகளில் அது பேச்சை முடிக்கச் சொல்லும் வார்த்தை. கணக்கு எழுதிய தாளை அவர் கையில் கொடுத்து, அவர் இழப்பதை அவரையே எழுதச் சொல்லுங்கள். மாதச் சம்பளம், பிஎஃப், பதவி உயர்வு, பக்கத்துத் தெருவில் இருக்கும் அம்மா, அவர் பெயரில் மாதா மாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை, எல்லாம் அந்தத் தாளில் வரட்டும். அப்புறம் பேசுங்கள்.

வேலை மனைவிக்குக் கிடைத்து, கணவர் மாற வேண்டிய நிலை என்றாலும் இதே கணக்குதான். அப்போது மட்டும் "ஊர் என்ன சொல்லும்" என்ற வரியைத் தாளில் சேர்க்க வேண்டாம்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஊரில் அம்மாவுக்குக் காலை ஆறு மணிக்குப் பூக்காரி, ஏழு மணிக்குக் கோயில், பத்து மணிக்கு எதிர் வீட்டு வாசலில் பேச்சு. பெங்களூரில் மூன்றாவது மாடி. ஒன்பது மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போனபின், மாலை பேரப்பிள்ளை வரும்வரை டிவி மட்டும்தான் துணை. உடம்பு நன்றாக இருக்கும் பெற்றோரை அவசரப்பட்டு ஊரை விட்டு எடுக்காதீர்கள். முதலில் ஒரு மாதம் வந்து தங்கிப் பார்க்கட்டும். தரைத்தள வீடாகவோ லிஃப்ட் உள்ளதாகவோ பார்த்து, பக்கத்தில் பூங்காவும் கோயிலும் இருந்தால் தாங்குவார்கள். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழ் பேச ஆள் நிறைய உண்டு. அலுவலகத்துக்கு அது தூரமாக இருக்கலாம், ஆனால் பகலில் வீட்டில் இருக்கப்போவது நீங்கள் இல்லையே.

மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயம் பாருங்கள். பழைய கம்பெனியின் பாலிசி பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடியும். புதிய கம்பெனி பெற்றோரைச் சேர்க்கிறதா, சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கு முதல் நாளிலிருந்தே உண்டா என்று கேளுங்கள். 70 வயது கடந்தவர்களுக்கு, வருமானம் எதுவாக இருந்தாலும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை 2024 அக்டோபர் முதல் உண்டு. அந்த அட்டையை எடுத்து வையுங்கள்.

நான் மட்டும் முதலில் போய்ப் பார்க்கட்டுமா?

பல குடும்பங்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான், ஆனால் ஒரு தேதியோடு. "பார்த்துக்கலாம்" என்று போனால், மூன்று மாதம் மூன்று வருடமாகும். வேலை கன்ஃபர்ம் ஆகும் வரை அல்லது இந்தக் கல்வியாண்டு முடியும் வரை என்று தேதி குறியுங்கள். புரோபேஷனில் இருக்கும்போது ஊர் வீட்டைக் காலி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மதுரைக்கும் பெங்களூருக்கும் வந்தே பாரத் ரயில் 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடுகிறது, சுமார் 8 மணி நேரம். கோவைக்கு 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. தூத்துக்குடி-மைசூர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் வந்துவிடலாம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்த அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குப் போனோடு உட்கார வேண்டும். இல்லையென்றால் ஆம்னி பஸ்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதான்.

இந்த ஏற்பாட்டின் விலை பணமாகத் தெரியாது. ஊரில் இருப்பவர் ஒற்றை ஆளாகப் பிள்ளை, பெற்றோர், பள்ளிக் கூட்டம், காய்ச்சல், கரண்ட் பில் எல்லாம் பார்ப்பார். வாரக் கடைசியில் வந்து இறங்குபவர் விருந்தாளி மாதிரி தூங்கிவிட்டுப் போனால், கசப்பு வளரும். சனிக்கிழமை முழுவதும் வீட்டு வேலை உங்களுடையது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

வீடு எங்கே பார்ப்பது?

முதலில் பள்ளி, அப்புறம் வீடு, கடைசியாக அலுவலகத் தூரம். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் அடுத்த வருடமே வீடு மாற்றுகிறார்கள். மெட்ரோ தடத்தை ஒட்டிப் பாருங்கள். ஊதா தடம் ஒயிட்ஃபீல்டு வரை போகிறது. ஆர்.வி. ரோட்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா போகும் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்டில் திறந்தது.

வீட்டைப் பார்க்கப் போனால் ஹாலின் அளவைப் பார்க்கும் முன் பாத்ரூம் குழாயைத் திறந்து பாருங்கள். குழாய் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் போர் தண்ணீர். "காவேரித் தண்ணீர் வருகிறதா, வாரம் எத்தனை நாள், டேங்கர் வந்தால் காசு யார் கொடுப்பது?" என்று கேளுங்கள். ஓனரிடம் கேட்டுவிட்டு, கீழே வந்து வாட்ச்மேனிடமும் கேளுங்கள். 2024 கோடையில் போர்கள் வற்றி, அபார்ட்மென்ட்டுகள் டேங்கருக்கு வரிசையில் நின்றன. அந்த ஆண்டு அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரோடு சேர்ந்த 110 கிராமப் பகுதிகளுக்குத் தண்ணீர் கொடுக்க ஆரம்பித்தது. ஆனாலும் உங்கள் தெருவுக்கு, உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு வந்துவிட்டதா என்பதுதான் கேள்வி.

ஊரில் இருக்கும் சொந்த வீட்டை விற்றுவிடலாமா?

வேண்டாம். முதல் இரண்டு வருடமாவது வாடகைக்கு விடுங்கள்.

வண்டி, கேஸ், ரேஷன் கார்டு?

வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஊர் ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று), கர்நாடகத்தில் ஆயுள் வரி, அப்புறம் தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம். பழைய காராக இருந்தால் ஊரிலேயே விற்றுவிடுவது நிம்மதி. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டையும் டெர்மினேஷன் வவுச்சரையும் வாங்குங்கள். அதைக் காட்டி இங்கே இணைப்பு எடுக்கலாம். ரேஷன் கார்டை அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள், தமிழ்நாட்டின் பல உதவிகள் அதில்தான் தொங்குகின்றன. பெற்றோர் ஊரில் இருந்தால் கார்டும் ஊரில் இருக்கட்டும்.

பழைய கம்பெனியில் என்ன பார்க்க வேண்டும்?

ஐந்து வருடம் முடிய இன்னும் சில மாதம்தான் பாக்கி என்றால், கிராஜுவிட்டி போய்விடும். சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காமல் அதே யுஏஎன் எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) மாற்றுங்கள். ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் வரி, பத்து வருடச் சேவை சேர்ந்தால்தான் மாத ஓய்வூதியத் தகுதி.

புதிய கம்பெனியிடம் என்ன கேட்கலாம்?

நம் ஆட்களுக்குக் கேட்கக் கூச்சம். கேளுங்கள். ஆஃபரில் கையெழுத்துப் போடும் வரைதான் உங்கள் பேச்சுக்கு எடை. சாமான் ஏற்றும் செலவு, முதல் இரண்டு வாரத் தங்குமிடம், ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வரை வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, இவையெல்லாம் நியாயமான கோரிக்கைகள். போனில் "பார்த்துக்கலாம் சார்" என்றால், "ஒரு மெயில் போட்டுடுங்க" என்று சொல்லுங்கள். ஜாயினிங் போனஸும் இடமாற்றப் பணமும் கொடுத்தால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதைத் தேடிப் படியுங்கள்.

பிள்ளைகளிடம் எப்போது சொல்வது?

முடிவாவதற்கு முன்பே. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பள்ளியைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு பள்ளிகள் தகுதியாக இருந்தால், எது என்று அவர்கள் சொல்லட்டும்.

போன பிறகு சரிப்படவில்லை என்றால்?

திரும்பி வருவதில் அவமானம் எதுவும் இல்லை. அதற்கு வழி திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்ப் பள்ளியில் டிசி வாங்கும்போது தலைமையாசிரியரிடம் முகம் கொடுத்துப் பேசிவிட்டு வாருங்கள். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் வையுங்கள். பழைய மேனேஜரோடு தொடர்பில் இருங்கள். முதல் மூன்று மாதத்தை வைத்து முடிவு எடுக்க வேண்டாம், அந்த மூன்று மாதம் எல்லா வீட்டிலும் அழுகையும் சண்டையுமாகத்தான் போகும். ஒரு கல்வியாண்டு முழுதாகப் பாருங்கள். மார்ச் மாதம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அடுத்த ஆண்டு அட்மிஷனுக்கு ஊர்ப் பள்ளிகளில் கேட்க அப்போதுதான் நேரம் இருக்கும்.